எந்த விதியின் கீழ்?

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் இரண்டு நாள் மாதிரி சட்டமன்றம் நடத்துகிறோம். அரசியல் அறிவியல் துறை என்பதால் பொறுப்பு என்னுடையது. அறுபது மாணவர்கள் உறுப்பினர்கள். பொறுப்புகளைப் பங்கிடும் நாளில் முதலமைச்சராக இருக்கப் பத்துப் பேர் கை தூக்குவார்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கு அதைவிடக் கூட்டம் அதிகம், கோபமாகப் பேசலாம் இல்லையா. பேரவைத் தலைவர் யார் என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கட்சி சேர முடியாது, உரை நிகழ்த்த முடியாது, அதற்கு மேல் விதிப் புத்தகத்தை வேறு படித்திருக்க வேண்டும்.

முதல் ஆண்டு ஒரு மாணவியைக் கெஞ்சித்தான் உட்கார வைத்தேன். நடவடிக்கை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "அமைச்சர்" ஒருவர் பள்ளிக் கட்டடங்கள் பற்றி ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்வரிசையிலிருந்து ஒரு பையன் துள்ளி எழுந்தான்.

"பாயின்ட் ஆஃப் ஆர்டர்! அமைச்சர் சொல்வது பொய்!"

பேரவைத் தலைவராக இருந்த மாணவி அவனைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்: "மாண்புமிகு உறுப்பினர் எந்த விதியின் கீழ் எழுப்புகிறீர்கள்?"

பையனிடம் பதில் இல்லை. "அது... பொய் சொல்றாருங்க" என்றான். சபை முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. "இது ஒழுங்குப் பிரச்சினை ஆகாது, அமருங்கள்" என்று சொல்லிவிட்டு அமைச்சரைத் தொடரச் சொன்னாள். அன்றைக்கு மாலை அந்தப் பையன் என்னிடம் வந்து, "மேடம், பொய் சொன்னாலும் கேட்கக் கூடாதா?" என்றான். முகத்தில் உண்மையான வருத்தம். அவனுக்குப் பதில் சொல்வதற்காக நான் படிக்கத் தொடங்கியதுதான் இன்றுவரை என்னை விடவில்லை.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒழுங்குப் பிரச்சினை, அதாவது பாயின்ட் ஆஃப் ஆர்டர் என்பது பேசப்படும் பொருளைப் பற்றியது அல்ல, பேசப்படும் முறையைப் பற்றியது. மக்களவை விதிகளில் 376-ஆவது விதி இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. அவையின் அலுவலை ஒழுங்குபடுத்தும் விதிகளோ அரசமைப்புச் சட்டப் பிரிவுகளோ மீறப்படுகிறதா, அவற்றுக்கு என்ன பொருள், இது மட்டுமே ஒழுங்குப் பிரச்சினை. அதுவும் பேரவைத் தலைவர் தீர்ப்புச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த நொடியில் அவை முன்பு இருக்கும் அலுவலைத் தொட்டதாகவும் இருக்க வேண்டும், நேற்று நடந்ததை இன்றைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. தகவல் கேட்க, தன்னிலை விளக்கம் தர, "ஒருவேளை இப்படி நடந்தால்" என்று கற்பனையாகக் கேட்க இதைப் பயன்படுத்தக் கூடாது. தீர்மானம் வாக்குக்கு விடப்படும்போது எழுப்பக் கூடாது. வாக்கெடுப்பு மணி அடிக்கவில்லை, காதில் விழவில்லை என்றுகூட எழுப்ப முடியாது. மாநிலப் பேரவைகளின் விதிகளும் ஏறக்குறைய இதே வார்ப்பில்தான் இருக்கின்றன.

அமைச்சர் தவறான கணக்குச் சொன்னால் அதற்கு வேறு வழிகள் உண்டு. உங்கள் முறை வரும்போது மறுத்துப் பேசலாம். வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று கருதினால் உரிமை மீறல் அறிவிப்புக் கொடுக்கலாம். அந்தப் பையன் கேட்டான், "அப்போ பாயின்ட் ஆஃப் ஆர்டரால் என்ன பிரயோஜனம் மேடம்?"

நியாயமான கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 212-ஆவது பிரிவைக் காட்டினேன். நடைமுறையில் கோளாறு இருந்தது என்ற காரணத்துக்காக ஒரு சட்டமன்ற நடவடிக்கை செல்லாது என்று நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியாது என்கிறது அந்தப் பிரிவு. அரசமைப்புச் சட்டத்தையே மீறியிருந்தால் நீதிமன்றம் பார்க்கும், அது வேறு. ஆனால் முன்னறிவிப்பு போதாது, விதிப்படி நேரம் தரவில்லை, வரிசை மாறிவிட்டது போன்ற கோளாறுகளுக்கு வெளியே போய் நிவாரணம் தேட இடமில்லை. அப்படியானால் அந்தக் கோளாறைத் திருத்துவதற்கு இருக்கும் இடம் எது? அந்த அவை. நேரம் எது? அது நடந்துகொண்டிருக்கும் அந்த நொடி. யார் திருத்த முடியும்? எழுந்து நின்று விதி எண்ணைச் சொல்லும் ஒரே ஓர் உறுப்பினர். அவர் பின்னால் கட்சி இருக்க வேண்டியதில்லை, பத்துப் பேர் கையெழுத்து வேண்டியதில்லை, ஓட்டெடுப்பு கிடையாது. பேசிக்கொண்டிருப்பவர் முதலமைச்சராக இருந்தாலும் அந்த நொடியில் நிறுத்திவிட்டு உட்கார வேண்டும், பேரவைத் தலைவர் தீர்ப்புச் சொல்லும் வரை.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள். மற்ற எல்லா விஷயத்திலும் தலைகளை எண்ணித்தான் முடிவு. இந்த ஒன்றில் மட்டும் தனி ஒருவருக்கும் நூற்று ஐம்பது பேருக்கும் ஒரே எடை. இதை நான் சொன்னபோது அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த ஆண்டு மாணவர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போனேன். மானியக் கோரிக்கை விவாதம் நடந்துகொண்டிருந்த காலம். பார்வையாளர் மாடத்தில் கை தட்டக் கூடாது, பேசக் கூடாது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். பேரவையில் ஒவ்வொரு நாளும் திருக்குறளோடுதான் தொடங்கும், சி.பா. ஆதித்தனார் பேரவைத் தலைவராக இருந்தபோது வந்த வழக்கம் அது. தலைவரின் நாற்காலியைப் பார்த்து மாணவிகள் வியந்துபோனார்கள். 1922-இல் ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபு வழங்கியது என்று சொன்னேன். நூறு ஆண்டுகளாக எத்தனை பேர் அந்த நாற்காலியைப் பார்த்து "எனக்கு அனுமதி வேண்டும்" என்று கேட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் மாணவர்கள் பேசியதெல்லாம் ஒன்றைப் பற்றித்தான். பேரவைத் தலைவர் எழுந்து நின்றால் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தார்கள், இப்போது நேரில் பார்த்துவிட்டார்கள். ஓர் ஆள் எழுந்து நிற்பதால் அவை அடங்குகிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அந்த ஆண்டு மாதிரி சட்டமன்றத்தின் இரண்டாம் நாள், மதிய உணவுக்குப் பிறகு. வழக்கம்போலப் பாதிப் பேர் மரத்தடியில். உள்ளே ஏதோ ஒரு மசோதாமீது ஒருவன் ஏற்ற இறக்கத்தோடு பேசிக்கொண்டிருந்தான். முதலாண்டு மாணவி ஒருத்தி, இரண்டு நாளும் வாயே திறக்காதவள், எழுந்தாள்.

"பேரவைத் தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை. அரசமைப்புச் சட்டம் 189, உட்பிரிவு 3. அவையில் குறைவெண் இல்லை."

குறைவெண் என்பதைப் பேச்சில் எல்லோரும் கோரம் என்பார்கள். மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது பத்துப் பேர், இவற்றில் எது அதிகமோ அதுவே கணக்கு. எங்கள் அறுபது பேரில் பத்தில் ஒரு பங்கு ஆறுதான், ஆகவே பத்து. தலைவரையும் சேர்த்து எண்ணினோம். ஒன்பது. அதே 189-ஆவது பிரிவு அடுத்த வரியில், குறைவெண் இல்லை என்றால் அவையை ஒத்திவைப்பதோ குறைவெண் வரும் வரை நிறுத்திவைப்பதோ தலைவரின் கடமை என்கிறது. கடமை என்ற சொல்தான் அங்கே இருக்கிறது. தலைவருக்கு விருப்பம் என்று ஒன்று அங்கே கிடையாது. மணி அடித்து, மரத்தடியில் இருந்தவர்கள் ஓடி வந்து உட்காரும் வரை நடவடிக்கை நின்றது. பேசிக்கொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தோடு நின்றுகொண்டிருந்தான். அந்தப் பெண் அடக்கமாகத் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் கண்ட ஒழுங்குப் பிரச்சினைகளில் இவ்வளவு சுத்தமான ஒன்று இல்லை: விதி எண் இருக்கிறது, அவை முன்பு இருக்கும் நிலை, தலைவர் தீர்த்துவைக்கக்கூடியது, வாதமே தேவையில்லை, எண்ணிப் பார்த்தால் போதும்.

தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு இந்தக் கணக்கு 24. இந்த எண்ணை மாணவர்கள் மறப்பதே இல்லை. 2017 பிப்ரவரி 18 பற்றிப் பாடம் வரும்போது யாராவது ஒருவர் இதைக் கொண்டுவந்துவிடுவார்கள். எடப்பாடி கே. பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரிய நாள். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் கேட்டார், ஓ. பன்னீர்செல்வமும் கேட்டார். பேரவைத் தலைவர் ப. தனபால் ஏற்கவில்லை. அமளி, ஒத்திவைப்பு, தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றம், கடைசியில் 122-க்கு 11. "எதிர்க்கட்சியே உள்ளே இல்லாமல் நடந்த வாக்கெடுப்பு செல்லுமா மேடம்?" என்பார்கள். குறைவெண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் தடை இல்லை, 133 பேர் வாக்களித்திருக்கிறார்கள். ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையும் ஒழுங்குப் பிரச்சினையாக நிற்பது கடினம் என்பது என் கருத்து. மீறப்பட்ட விதி எது என்று காட்டியாக வேண்டும், எப்படி வாக்கெடுப்பது என்பதைத் தலைவரின் முடிவுக்கு விட்டிருக்கும் இடத்தில் அது முடியாது. ஆனால் ஒருவர் கோரிக்கை ஒழுங்குப் பிரச்சினையாக நிற்கவில்லை என்பதால் அவருடைய கவலை தவறாகிவிடாது. பழனிசாமி தரப்பு எம்.எல்.ஏ.க்கள் பல நாள் ஒரே விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்த சூழலில் அந்தக் கேள்வி எழுந்தது இயல்புதான். விதிக்கும் நியாயத்துக்கும் இடையே இடைவெளி இருக்கும் இடங்களை மாணவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் இந்த நாளைப் பாடத்திலிருந்து நான் விடுவதில்லை.

இன்னொரு நாள் 1972 டிசம்பர் 2. இதைச் சொல்லும்போது வகுப்பில் பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியிருந்தார். பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகன் ஆட்சியில் இருந்தவர்களோடு முரண்பட்டு நின்றார். அவரை நீக்கும் தீர்மானம் வந்தது. தலைவரை நீக்கும் தீர்மானம் அவையின் பரிசீலனையில் இருக்கும்போது அவர் தலைமை வகிக்கக் கூடாது என்கிறது 181-ஆவது பிரிவு. ஆனால் மதியழகன் எழுந்திருக்கவில்லை. துணைத் தலைவர் பெ. சீனிவாசன், 1967-இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த அதே சீனிவாசன், பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து அவையை நடத்தத் தொடங்கினார். ஒரே மண்டபத்தில், ஒரே நேரத்தில், இரண்டு பேரவைத் தலைவர்கள். ஒருவர் ஓர் உறுப்பினரைப் பேச அழைக்கிறார், மற்றவர் வேறொருவரை அழைக்கிறார். முடிவில் நீக்கும் தீர்மானம் நிறைவேறியது.

நான் மாணவர்களிடம் கேட்பது இதைத்தான்: அந்த நாளில் நீங்கள் உள்ளே இருந்திருந்தால், ஒழுங்குப் பிரச்சினையை யாரைப் பார்த்து எழுப்புவீர்கள்? சிலர் 181-ஐச் சொல்லித் துணைத் தலைவரைப் பார்த்து என்பார்கள். சிலர், "பரிசீலனை" எந்த நொடியில் தொடங்குகிறது, தீர்மானத்தை முன்மொழிந்த பிறகா, அலுவல் பட்டியலில் வந்த உடனேயா என்று பிடித்துக்கொள்வார்கள். ஒரு சொல்லுக்கு எவ்வளவு பாரம் பாருங்கள். தீர்ப்புச் சொல்பவர் யார் என்பதே கேள்வியாகிவிட்டால் விதிப் புத்தகம் ஊமையாகிவிடுகிறது.

அதோடு 2017 மார்ச் 23-ஐ ஒப்பிடச் சொல்வேன். தனபால்மீது தி.மு.க. கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம். தனபால் இருக்கையை விட்டு எழுந்து போனார், துணைத் தலைவர் பொள்ளாச்சி வ. ஜெயராமன் அவையை நடத்தினார், ஆதரவு 97, எதிர்ப்பு 122, தீர்மானம் தோற்றது. தனபால் திரும்பி வந்து உட்கார்ந்தார். செய்தியில் பெரிதாக எதுவும் இல்லாத நாள். எனக்கு அந்த நாள் பிடிக்கும். ஒரு மாதத்துக்கு முன்பு நாற்காலிகள் உருண்ட அதே அவையில் 181-ஆவது பிரிவு ஓசையில்லாமல் வேலை செய்தது.

இனி என் தவறு ஒன்று. இதை எழுதாமல் விட்டால் மேலே சொன்னதற்கெல்லாம் மதிப்பில்லை.

மூன்றாம் ஆண்டு மாதிரி சட்டமன்றத்தில் ஒரு குழு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா தயாரித்திருந்தது. விவசாயக் கூலித் தொழிலாளர்களுக்கு மாத ஓய்வூதியம். அருமையாக எழுதியிருந்தார்கள், இரண்டு வாரம் உழைத்திருந்தார்கள். நிறைவேற்றும் கட்டத்துக்கு வந்தபோது குறைவெண் கேட்ட அதே மாணவி, இப்போது இரண்டாம் ஆண்டு, எழுந்தாள். "207-ஆவது பிரிவு, உட்பிரிவு 3. இந்த மசோதாவுக்கு ஆளுநரின் பரிந்துரை இருக்கிறதா?" என்று கேட்டாள்.

பேரவைத் தலைவர் பையன் திணறி என்னைப் பார்த்தான். மணி நான்கு ஆகிக்கொண்டிருந்தது. பரிசளிப்பு விழாவுக்குக் கல்லூரி முதல்வர் வந்து காத்திருந்தார். மசோதா எழுதிய பிள்ளைகள் முகத்தில் கலக்கம். நான் தலையை ஆட்டி, "விடுப்பா, வாக்கெடு" என்று சைகை செய்தேன். அவன் "ஒழுங்குப் பிரச்சினை ஏற்கப்படவில்லை" என்றான். ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க, ஆம் என்போர் அதிகம், மசோதா நிறைவேறியது, கைதட்டல். அவள் உட்கார்ந்துவிட்டாள். தலைவரின் முடிவே இறுதியானது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

அன்றிரவு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மாநிலத்தின் தொகு நிதியிலிருந்து, அதாவது அரசின் கஜானாவிலிருந்து செலவு பிடிக்கும் ஒரு மசோதாவை, அதைப் பரிசீலிக்கும்படி ஆளுநர் பரிந்துரைக்காத வரை அவை நிறைவேற்றக் கூடாது. அப்பட்டமாக எழுதியிருக்கிறது. ஆளுநரின் பரிந்துரை என்றால் நடைமுறையில் அமைச்சரவையின் சம்மதம். பொதுப் பணத்தைச் செலவு செய்யும் முடிவுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் பின்னால் இருக்கும் யோசனை. தனிநபர் மசோதாக்கள் பல இந்தக் கல்லில்தான் இடறுகின்றன. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒரு பரிசளிப்பு விழாவுக்காக அதை அமுக்கிவிட்டேன். மசோதா நல்லது, பிள்ளைகள் உழைத்தவர்கள், நேரம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் எல்லாமே உண்மைதான். விதியை மீறுகிற ஒவ்வொருவரிடமும் இப்படி நல்ல காரணங்கள் இருக்கும் என்பது அன்று இரவு எனக்கு உறைத்தது. அறுபது பேர் வேண்டும் என்று சொல்ல, ஒருத்தி மட்டும் நின்று "இதற்கு வழி இது இல்லை" என்று சொல்கிற இடத்துக்காகத்தான் அந்தக் கருவியே இருக்கிறது. நான் அறுபது பேர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னேன், "உன் ஒழுங்குப் பிரச்சினை சரிம்மா. நான் செய்தது தப்பு." மசோதா எழுதிய குழுவிடமும் சொன்னேன். அவர்கள் கோபப்படவில்லை. "அப்போ அதை எப்படிச் சரியாகக் கொண்டுவருவது மேடம்?" என்றார்கள். ஓய்வூதியம் வழங்க அரசை வலியுறுத்தும் தனிநபர் தீர்மானமாக மாற்றி எழுதினார்கள். தீர்மானம் கருத்துச் சொல்வது, அதுவே கஜானாவைத் திறக்காது, ஆகவே 207 குறுக்கே வராது. அதே கோரிக்கைக்குச் சரியான வாசல் கிடைத்துவிட்டது.

விதி குறுக்கே நிற்கும்போது செய்யக்கூடியது இன்னொன்றும் உண்டு. விதியைத் தளர்த்தச் சொல்லி அவையிடமே வெளிப்படையாகக் கேட்கலாம். 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் உரையில் அச்சிட்ட பகுதிகள் சில விடுபட்டபோது, அச்சிட்ட உரை மட்டுமே அவைக் குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கு முதலில் பேரவை விதி 17-ஐத் தளர்த்த வேண்டியிருந்தது, தளர்த்தினார்கள், பிறகு தீர்மானம் நிறைவேறியது. ஆளுநர் நடுவிலேயே எழுந்து போனார். அந்த அரசியலில் யார் பக்கம் என்பதை விட்டுவிடுங்கள். இந்த விதி தடையாக இருக்கிறது, இதை இப்போதைக்குத் தளர்த்துகிறோம் என்று சொல்லி, அதற்கு அவையின் சம்மதம் வாங்கி, பிறகு செய்வது ஒன்று. நான் செய்தது போலத் தலையை ஆட்டிச் சைகை காட்டுவது வேறொன்று.

இந்த ஆண்டுக்கான தயாரிப்பு போன வாரம் தொடங்கியது. பேரவைத் தலைவர் யார் என்று கேட்டேன். வழக்கமான அமைதி. அப்புறம் அவள் கை தூக்கினாள், இப்போது இறுதியாண்டு. இரண்டு நிபந்தனை போட்டாள். விதிகளின் நகல் ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும். நான் உட்காரும் இடம் அவள் பார்வையில் படக் கூடாது, கடைசி வரிசைக்கும் பின்னால் போய்விட வேண்டும்.

நகல் எடுக்கக் கொடுத்துவிட்டேன். என் நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தேன், அங்கிருந்து அவள் முகம் தெரியவில்லை, குரல் நன்றாகவே கேட்கிறது.